உயில் இல்லாமல் கணவர் தவறிவிட்டால் வீட்டில் மனைவிக்கும் மகள்களுக்கும் எவ்வளவு? (பினாங்கு)

மல்லிகைச்சரம் (கேள்வி)

வணக்கம். தெரிந்த ஒரு குடும்பத்துக்காகக் கேட்கிறேன்.

புக்கிட் மெர்தாஜாமில் ஒரு தெரஸ் வீடு. கிராண்டில் (நில உரிமைப் பத்திரம்) கணவர் பெயர் மட்டும்தான். அவர் தவறி எட்டு மாதம் ஆகிறது. உயில் எழுதவில்லை. பேங்க் கடன் எம்ஆர்டிஏ காப்புறுதியில் அடைந்துவிட்டது. வீட்டின் மதிப்பு சுமார் 3,60,000 ரிங்கிட். இருப்பவர்கள்: மனைவி (இல்லத்தரசி), இரண்டு பெண்கள் (மூத்தவள் கட்டிக்கொடுத்து கோலாலம்பூரில்), 20 வயதுப் பையன், கணவரின் அம்மா. கணவரின் அப்பா முன்பே காலமாகிவிட்டார். எல்லாரும் இந்துக்கள். திருமணம் ஜேபிஎன்-இல் (தேசியப் பதிவிலாகா) பதிந்ததுதான்.

இப்போது கணவரின் தம்பி ஒரு பாரம் கொண்டுவந்திருக்கிறார். "வீடு பையன் பேருக்குப் போகணும், அதுதான் முறை. பொம்பளப் பிள்ளைங்க கையெழுத்துப் போட்டா வேலை சுலபமா முடியும்" என்கிறார். கட்டிக்கொடுத்த பெண்ணுக்குப் பங்கு கிடையாது என்றும் சொல்கிறார்.

பங்கு எப்படிப் பிரியும்? மூத்த மகன்தான் மனு போட வேண்டுமா? லாயர் இல்லாமல் முடியுமா? இன்னொன்று, ஈபிஎஃப் (ஊழியர் சேமநிதி) பணத்துக்கு அவர் கல்யாணத்துக்கு முன்பே அம்மா பெயரைக் கொடுத்திருக்கிறாராம். அதை என்ன செய்வது?

---

செந்தூல்வாசி

முதலில் அந்தப் பாரத்தில் யாரும் கையெழுத்துப் போட வேண்டாம். பதில் எப்படி வந்தாலும் இது மாறாது.

முஸ்லிம் அல்லாதவர் உயிலில்லாமல் இறந்தால் 1958-ஆம் ஆண்டு பங்கீட்டுச் சட்டம்தான் கணக்கு. அதில் மகன், மகள் வித்தியாசம் கிடையாது. கல்யாணமானவள், ஆகாதவள் என்ற பேச்சும் கிடையாது. சித்தப்பா சொல்லும் "முறை" எந்தச் சட்டத்திலும் எழுதப்படவில்லை. மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, மீதி மூன்றில் இரண்டு பிள்ளைகளுக்குச் சமமாக.

---

கிராண்ட்_கணக்கு

செந்தூல்வாசி, ஒரு திருத்தம். நீங்கள் சொன்ன மூன்றில் ஒரு பங்கு, இறந்தவரின் பெற்றோர் இருவரும் இல்லாதபோதுதான். இங்கே அம்மா உயிரோடு இருக்கிறார். 6-ஆம் பிரிவுப்படி மனைவி, பிள்ளைகள், பெற்றோர் மூன்று தரப்பும் இருந்தால் மனைவிக்கு 1/4, பெற்றோருக்கு 1/4, பிள்ளைகளுக்கு 1/2. பெற்றோரில் ஒருவர் மட்டும் இருந்தாலும் அந்தக் கால் பங்கு முழுவதும் அவருக்கே.

கணக்கு இது:

மாமியார் 3/12, அதாவது 90,000
மனைவி 3/12, அதாவது 90,000
மூத்த பெண் 2/12, இளைய பெண் 2/12, பையன் 2/12, ஆளுக்கு 60,000

பன்னிரண்டில் எழுதியிருப்பதற்குக் காரணம் உண்டு. எல்லாரும் அவரவர் பங்கை எடுத்துக்கொண்டால் கிராண்டிலும் பெயருக்குப் பக்கத்தில் இப்படிப் பின்னமாகத்தான் வரும். "எல்லாருக்கும் சமம்" என்று பேசி முடித்துவிட்டு, பிறகு கிராண்டைப் பார்த்து அதிர்ச்சி அடைய வேண்டாம்.

இறந்த தேதியும் முக்கியம். பெற்றோருக்கும் பங்கு தரும் இந்தக் கணக்கு 1997 ஆகஸ்ட் 31 முதல் நடப்புக்கு வந்த திருத்தம். அதற்கு முன் இறந்தவர்களுக்குப் பழைய கணக்கு: பிள்ளைகள் இருந்தால் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு. ஆனால் மனைவி இறந்தால் கணவருக்கு முழுச் சொத்து! தாத்தா காலத்து வீட்டை இன்னும் பிரிக்காமல் வைத்திருப்பவர்கள் இதைக் கவனியுங்கள்.

இப்போது வேலை. உயில் இல்லை, வீடோ நிலமோ இருக்கிறது, மொத்தச் சொத்தும் 5 மில்லியன் ரிங்கிட்டுக்குள் என்றால் அது "புசாக்கா கெச்சில்", சிறு எஸ்டேட் (எஸ்டேட் என்றால் இறந்தவர் விட்டுச்சென்ற சொத்து). 2024 ஜூலை 15 வரை இந்த வரம்பு 2 மில்லியனாக இருந்தது. இதற்கு ஹைகோர்ட் தேவையில்லை, லாயரும் கட்டாயமில்லை. நிலம் எந்த மாவட்டத்தில் இருக்கிறதோ அங்கே மனு. புக்கிட் மெர்தாஜாம் என்றால் செபராங் பிறை தெங்ஙா. மனுப் பாரத்தின் பெயர் போராங் ஏ.

மனு போடும் உரிமை எந்த வாரிசுக்கும் உண்டு. மூத்த மகன் போட வேண்டும் என்பது கட்டுக்கதை. மனைவியே போடட்டும். போடுகிறவர்தான் வாரிசுப் பட்டியலையும் சொத்துப் பட்டியலையும் எழுதுகிறார். அந்தப் பேனா யார் கையில் இருக்கிறது என்பது சின்ன விஷயமில்லை.

கையில் வைத்துக்கொள்ள வேண்டியவை: இறப்புச் சான்றிதழ், கிராண்டின் உறுதிப்படுத்திய நகல் (கிராண்ட் இன்னும் வராத ப்ளாட் என்றால் வாங்கியபோது போட்ட எஸ்&பி (விற்பனை) ஒப்பந்தம்), திருமணப் பத்திரம், பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம், எல்லா வாரிசுகளின் ஐசி (அடையாள அட்டை) நகல், மாமியார்தான் அம்மா என்று காட்ட இறந்தவரின் பிறப்புப் பத்திரம். கடைசியாகச் சொன்னதுதான் பெரும்பாலும் கிடைக்காது. பழைய தோட்டப்புறப் பிறப்புகளில் அம்மா பெயர் ஐசியில் ஒரு மாதிரி, பத்திரத்தில் இன்னொரு மாதிரி இருக்கும். "லெட்சுமி", "லட்சுமி" அளவுக்கு வித்தியாசம் இருந்தாலே மனு மீதான விசாரணை தள்ளிப்போகலாம். இருவரும் ஒருவர்தான் என்று சத்தியப் பிரமாணம் ஒன்றை முன்கூட்டியே பெசுருஹ்ஜாயா சும்பா (சத்தியப் பிரமாண ஆணையர்) முன் செய்து வைத்துக்கொள்ளுங்கள். போராங் ஏ-விலும் அவர் முன்னிலையிலேயே கையெழுத்துப் போடலாம்.

பேங்க் கணக்கு, கார், மோட்டார், கம்பெனிப் பங்கு எல்லாவற்றையும் அதே பாரத்தில் எழுதுங்கள். வீட்டை மட்டும் எழுதிவிட்டு, பிறகு 8,000 ரிங்கிட் பேங்க் பணத்துக்காகத் திரும்பி வருபவர்கள் நிறைய. அவர் இறந்த பிறகு அவருடைய ஏடிஎம் கார்டில் பணம் எடுத்திருந்தால் நிறுத்துங்கள். பின்னால் மைத்துனர் அதையே பிடித்துக்கொள்வார்.

---

மல்லிகைச்சரம்

மிக்க நன்றி அண்ணா. பாரத்தைப் படம் எடுத்து அனுப்பினார்கள். மேலே "டிடிஏ" என்று இருக்கிறது. மலாயில் இரண்டே வரி, கீழே கையெழுத்துக்கு இடம். மூத்த பெண்ணால் கோலாலம்பூரிலிருந்து வர முடியாது என்பதால் இதில் போட்டுக் கொடுத்தால் போதும் என்கிறார்கள்.

---

கிராண்ட்_கணக்கு

டிடிஏ என்பது சம்மதப் பாரம். விசாரணைக்கு நேரில் வர முடியாத வாரிசு அதிகாரி முன் கையெழுத்திட்டு அனுப்புவது. பாரத்தில் தவறில்லை, அதில் என்ன எழுதியிருக்கிறது என்பதுதான் கேள்வி. மூன்று மலாய்ச் சொற்களைத் தேடுங்கள்.

"பெந்தாட்பிர்": நிர்வாகி. சொத்தைப் பிரித்துக் கொடுக்கும் பொறுப்பு மட்டும்தான், சொத்து அவருடையதாகாது. பையன் நிர்வாகியாக இருக்கச் சம்மதம் என்றால் பரவாயில்லை.

"பெமெகாங் அமானா": மற்றவர்களுக்காகப் பிடித்து வைத்திருப்பவர். பங்கு போய்விடாது, ஆனால் கிராண்டில் அவர் பெயர் வரும். பிறகு பிடுங்குவது பெரிய வேலை.

"மெலெபாஸ்கான் ஹாக்" அல்லது "மெனோலாக் பஹாகியான்": உரிமையை விட்டுக்கொடுக்கிறேன். இதில் போட்டால் அந்த 60,000 முடிந்தது.

இரண்டே வரிப் பாரத்தில் எந்தச் சொல் இருக்கிறது என்று பார்க்காமல் போடுகிறார்கள். இதைவிட மோசம் வெற்றுப் பாரத்தில் போடுவது. பங்கும் பெயரும் பிறகு நிரப்பிக்கொள்ளலாமாம்! யாருக்கு விட்டுக்கொடுக்கிறோம் என்ற பெயரும் எந்தச் சொத்து என்ற கிராண்ட் எண்ணும் எழுதியிருந்தால்தான் பேனாவை எடுக்க வேண்டும்.

"கூடப்பிறந்தவர்களுக்கு நான் பணமாகக் கொடுத்துவிடுகிறேன்" என்று பையன் உண்மையாகவே நினைத்தால் நல்லது. அந்தத் தொகை விசாரணையில் அதிகாரி முன் சொல்லப்பட்டு, குறிப்பில் ஏற வேண்டும். பணம் கைக்கு வந்த பிறகே விட்டுக்கொடுக்கும் கையெழுத்து.

---

தாமரை_பிறை

அண்ணன் சொன்னதில் ஒன்றைக் கூட்டிச் சொல்கிறேன், ஏனென்றால் எல்லாரும் கோட்டை விடுவது இங்கேதான். மாமியார் இருக்கும்போதே முடியுங்கள்.

மாமியாரின் கால் பங்கு மகன் இறந்த அன்றே அவருக்குச் சேர்ந்துவிட்டது. வீட்டைப் பிரிக்கும் முன் அவர் காலமாகிவிட்டால் அந்த 90,000 மதிப்புள்ள பங்கு மருமகளுக்குத் திரும்பி வராது. அது மாமியாரின் எஸ்டேட். அவருடைய பிள்ளைகள் எல்லாருக்கும் பிரியும். பாரம் கொண்டுவந்த அதே தம்பி அப்போது வீட்டில் சட்டப்படிப் பங்குதாரர் ஆகிவிடுவார். இறந்த மகனின் பங்கு பேரப்பிள்ளைகளுக்கு வரும், உண்மை. ஆனால் ஒரு மனுவுக்குப் பதில் இரண்டு மனு, ஐந்து கையெழுத்துக்குப் பதில் பத்து.

மாமியாருக்கு மருமகளிடம் பிரியம் இருக்கிறது, அவரே தன் பங்கை விட்டுக்கொடுக்க விரும்புகிறார் என்றால் விசாரணையில் அதைச் சொல்லலாம். பிள்ளைகளும் அம்மாவுக்கே விட்டுக்கொடுக்கலாம். 2024 ஜனவரி 1 முதல், வாரிசு இப்படிப் பங்கை விட்டுக்கொடுத்துப் பெயர் மாற்றும் பத்திரத்துக்கு முத்திரை வரி 10 ரிங்கிட்தான். முன்பு சொத்து மதிப்பைப் பார்த்து வரி போட்ட காலத்தில் பிள்ளைகள் மனமிருந்தும் தயங்கினார்கள். அந்தச் சாக்கு இப்போது இல்லை. ஆனால் மாமியாரை வற்புறுத்தாதீர்கள். வயதானவர், அவருக்கும் கூரை வேண்டும், அவரும் பெண்தான்.

ஈபிஎஃப் பற்றி. முஸ்லிம் அல்லாதவர் விஷயத்தில் நாமினி யாரோ அவருக்கே பணம், முழுவதும். அம்மா பெயர் என்றால் அம்மாவுக்கு. இதில் பங்கீட்டுச் சட்டம் நுழையாது. மனைவியால் உரிமையாகக் கேட்க முடியாது, மாமியார் மனமுவந்து கொடுத்தால்தான் உண்டு. இதைப் படிக்கிற மற்றவர்கள் இன்றைக்கே கணவரிடம் கேளுங்கள், யார் பெயர் இருக்கிறது என்று. மாற்றுவதற்கு கேடபிள்யுஎஸ்பி 4 என்ற பாரம் ஒன்றுதான்.

காப்புறுதி வேறு மாதிரி. 2013-ஆம் ஆண்டு நிதிச் சேவைச் சட்டத்தின் 10-ஆவது அட்டவணைப்படி முஸ்லிம் அல்லாதவர் மனைவியையோ பிள்ளையையோ நாமினியாகப் போட்டால் அது அவர்களுக்கான டிரஸ்ட் (அவர்களுக்கென்றே ஒதுக்கிய பணம்). கடன்காரனும் தொட முடியாது, எஸ்டேட்டிலும் சேராது. தம்பியை நாமினியாகப் போட்டிருந்தால் தம்பி பணத்தை வாங்குவார், ஆனால் பிரித்துக் கொடுப்பவராக மட்டுமே. "நாமினி நான்தான், எனக்குத்தான்" என்று அவர் சொன்னால் நம்ப வேண்டாம்.

கணவர் சொக்சோ (சமூகப் பாதுகாப்புச் சந்தா) கட்டியிருந்தாரா என்றும் பாருங்கள். தகுதி இருந்தால் பென்சன் பெனாக்காட் (இறந்தவரின் குடும்பத்துக்கான பென்சன்) வரும்: விகிதத்தில் ஐந்தில் மூன்று பங்கு மனைவிக்கு, ஐந்தில் இரண்டு 21 வயதுக்குட்பட்ட கல்யாணமாகாத பிள்ளைகளுக்கு. இந்தப் பையனும் இளையவளும் அதில் வரக்கூடும். எட்டு மாதம் போய்விட்டது, வீட்டு மனுவுக்குக் காத்திருக்காமல் இதை உடனே செய்யுங்கள்.

---

தமிழ்ப்பாலை

வீட்டுக் கிராண்டில் புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேர் பெயரும் இருந்தால் இந்த வம்பே இல்லையே? ஒருத்தர் போனால் மற்றவருக்கு வந்துவிடும்தானே?

---

கிராண்ட்_கணக்கு

இல்லை. இது சினிமாவிலும் வெளிநாட்டுக் கதைகளிலும் கேட்டது. நம் தேசிய நிலச் சட்டத்தில் கூட்டு உரிமையாளர்கள் ஒவ்வொருவருக்கும் தனித்தனிப் பங்கு. எழுதியிருந்தாலும் இல்லாவிட்டாலும் அவரவர் பங்கு அவரவர் எஸ்டேட். கணவர் போனால் அவருடைய பாதி மட்டும் மேலே சொன்ன கணக்கில் பிரியும். மனைவியின் பாதியை யாரும் தொட முடியாது என்பதுதான் லாபம். இந்தக் குடும்பத்தில் அப்படி இருந்திருந்தால் மனைவியின் பங்கு 3/12-க்குப் பதில் 6/12 உடன் அந்த மற்ற பாதியில் கால்வாசி, ஆக 5/8. வீட்டை விற்கச் சொல்லி யார் கோர்ட்டுக்குப் போனாலும் அவர் குரல் கனமாக இருக்கும்.

உயிரோடு இருக்கும்போதே பாதியை மனைவி பெயருக்கு மாற்ற 14ஏ பாரம். கணவன் மனைவிக்கிடையே அன்பின் பேரில் மாற்றினால் முத்திரை வரி விலக்கு உண்டு. ஆனால் பேங்க் கடன் ஓடிக்கொண்டிருந்தால் பேங்க் சம்மதம் இல்லாமல் லேண்ட் ஆபீஸ் பதியாது. பல பேங்குகள் கடனையே புதிதாகப் போடச் சொல்லும். வேலைக்குப் போகாத மனைவி என்றால் அங்கே சிக்கும். மலிவு விலை வீட்டுக் கிராண்டில் "செகாத்தான் கெபெந்திங்ஙான்" (கைமாற்றக் கட்டுப்பாடு) இருக்கும், மாநில அரசின் அனுமதி வேண்டும். அதற்கே மாதக்கணக்கு ஆகும்.

முடியாதவர்கள் உயில் எழுதட்டும். இரண்டு சாட்சிகள் சேர்ந்திருந்து பார்க்கக் கையெழுத்து. சொத்து பெறுபவரோ அவருடைய கணவன், மனைவியோ சாட்சி போடக் கூடாது. போட்டால் உயில் செல்லும், அந்த ஆளுக்கு எழுதியது செல்லாது. மகளுக்கு வீடு எழுதிவிட்டு மருமகனைச் சாட்சிக்கு உட்காரவைப்பார்கள், பாசத்தில்! கல்யாணத்துக்கு முன் எழுதிய உயில் கல்யாணத்தோடு ரத்தாகிவிடும், அதையும் மறக்க வேண்டாம்.

---

வாழையிலை

கோவிலில் தாலி மட்டும் கட்டி ஜேபிஎன்-இல் பதியாதவர்கள் இருக்கிறார்களே, அவர்களுக்கு?

---

செந்தூல்வாசி

அங்கேதான் உண்மையான ஆபத்து. 1982 மார்ச் 1 முதல் முஸ்லிம் அல்லாதவர் கல்யாணம் பதிவு செய்தால்தான் சட்டப்படி கல்யாணம். அதற்கு முன் வழக்கப்படி செய்ததைச் சட்டம் பதிந்ததாகவே எடுத்துக்கொள்ளும். பிறகு செய்தது தாலி, மாலை, ஆயிரம் பேர் சாப்பாடு எல்லாம் இருந்தும் பதிவில்லை என்றால், 6-ஆம் பிரிவில் "மனைவி" என்ற இடத்தில் அந்தப் பெண் இல்லை. கால் பங்கும் இல்லை.

பிள்ளைகளுக்கு ஒரு வழி உண்டு. 1976-ஆம் ஆண்டுத் திருமணம், மணமுறிவுச் சட்டம் 75-ஆம் பிரிவு: செல்லாத கல்யாணமாக இருந்தாலும், கட்டியபோது இருவரில் ஒருவராவது அது செல்லும் என்று நியாயமாக நம்பியிருந்தால் பிள்ளைகள் முறையான பிள்ளைகளாகவே நடத்தப்படுவார்கள். கல்யாணப் பத்திரிகை, கோவில் ரசீது, ஐயர் கையெழுத்து, போட்டோ எல்லாவற்றையும் வைத்திருங்கள். இதற்கு லாயர் வேண்டும். செலவுக்கு வழியில்லை என்றால் அரசின் ஜாபாதான் பந்துவான் குவாமான் (சட்ட உதவி இலாகா) இருக்கிறது, வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையம் கோலாலம்பூரிலும் பினாங்கிலும் இருக்கிறது. பினாங்கில் டபிள்யுசிசி பெண்கள் மையத்திலும் போய்க் கேட்கலாம்.

கணவர் உயிரோடு இருந்தால் கவலையே வேண்டாம். இருவருமாக ஜேபிஎன் போய் மனு கொடுங்கள், 21 நாள் அறிவிப்பு, பிறகு பதிவு. பெயர் பெற்ற பல கோவில்களில் துணைப் பதிவாளர் இருக்கிறார், அங்கேயே பதியலாம். செல்லுபடி பதிந்த நாளிலிருந்துதான்.

---

தாமரை_பிறை

மல்லிகைச்சரம் கேட்ட குடும்பத்துக்கு இது பொருந்தாது, ஆனால் படிக்கிற பெண்களில் சிலருக்குப் பிரிவு விவகாரமும் இருக்கும். 2018 டிசம்பர் 15 முதல் மணமுறிவில் சொத்துப் பிரிக்கும் 76-ஆம் பிரிவு மாறிவிட்டது. யார் பெயரில் வாங்கியது, யார் சம்பளத்தில் கட்டியது என்று சொத்தை இரண்டு வகையாகப் பிரித்துப் பார்த்தது போய்விட்டது. வீட்டையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டதையும் கோர்ட் பங்களிப்பாக எடுத்துக்கொண்டு, சமமாகப் பிரிக்கும் பக்கம் சாய வேண்டும்.

சாட்சியம் இல்லாமல் சாயாது. முன்பணத்துக்கு நகையை அடகு வைத்திருந்தால் அந்தச் சீட்டு எங்கே? பெரும்பாலும் நகையை மீட்டவுடன் சீட்டு கடைக்காரரிடமே போய்விடும். வைக்கும்போதே போனில் படம் எடுத்து, அதே வாரத்தில் பேங்கில் போட்ட ரசீதோடு ஒரு உறையில் வையுங்கள். மங்கிப்போகும் தாள், ஒரு வருடத்தில் வெள்ளையாகிவிடும். சீட்டு, கூட்டு என்று பத்துப் பேர் சேர்ந்து பிடிக்கும் பணத்துக்கு மட்டும் ஆதாரம் தேடாதீர்கள். அதை நடத்துவதே 1971-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம், கோர்ட்டில் நீட்ட முடியாது.

---

ஊர்நிலம்

சித்தப்பாவின் "பெண்ணுக்குப் பங்கில்லை" பேச்சு எங்கிருந்து வருகிறது என்றால், ஊர் நிலத்திலிருந்து. அங்கேயும் அது காலாவதி. அந்தக் குடும்பத்துக்குத் தமிழ்நாட்டில் பாட்டன் நிலம் ஏதாவது இருந்தால் அதற்கு மலேசியச் சட்டம் இல்லை, இந்து வாரிசுரிமைச் சட்டம். தமிழ்நாடு 1989 மார்ச் 25-இல் மகளுக்கும் பூர்வீகச் சொத்தில் பிறப்புரிமை கொடுத்தது, ஆனால் அதற்கு முன் கல்யாணமானவர்களை விட்டுவிட்டது. 2005 மத்தியத் திருத்தம் அந்த வேலியையும் எடுத்தது. அப்பா 2005-இல் உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்று சிலர் சொல்லிக்கொண்டிருந்ததை 2020 ஆகஸ்டில் இந்திய உச்ச நீதிமன்றம் வினிதா சர்மா வழக்கில் தள்ளிவிட்டது. 2004 டிசம்பர் 20-க்கு முன் பதிவு செய்து முடித்த பாகப்பிரிவினையைக் கிளற முடியாது.

இங்கிருந்து பவர் (நமக்காகச் செயல்பட இன்னொருவருக்குத் தரும் அதிகாரப் பத்திரம்) எழுதி அனுப்பினால் கோலாலம்பூரிலுள்ள இந்தியத் தூதரகத்தில் சான்று வாங்கி, அந்தத் தாள் இந்தியாவில் சேர்ந்த 3 மாதத்துக்குள் அங்கே முத்திரை வரி கட்ட வேண்டும். யாருக்குப் பவர் என்று யோசியுங்கள். "விற்கவும்" என்ற சொல்லை அடித்துவிட்டு, பட்டா மாற்ற மட்டும் என்று எழுதலாம். வில்லங்கச் சான்றிதழை முதலில் இணையத்தில் பாருங்கள். நிலம் ஏற்கெனவே பெரியப்பா மகன் பெயரில் இருப்பது பாதி கேஸ்களில் அங்கேதான் தெரியவரும்.

---

மல்லிகைச்சரம்

எல்லாருக்கும் நன்றி. மூத்த பெண்ணிடம் சொல்லிவிட்டேன். அந்தப் பாரத்தில் "மெனோலாக்" என்றுதான் இருக்கிறதாம், கீழே பெயர் எழுதும் இடம் காலி. மாமியாரும் மருமகளும் திங்கட்கிழமை சேர்ந்தே லேண்ட் ஆபீஸ் போகிறார்கள், மனைவிதான் மனுதாரர். ஆர்டர் வந்தபிறகு வேறு ஏதும் செய்ய வேண்டுமா?

---

கிராண்ட்_கணக்கு

நல்ல கேள்வி, நானே சொல்ல மறந்துவிட்டேன். விசாரணை முடிந்து கையில் வருவது போராங் ஈ, பங்கீட்டு ஆணை. அது கிராண்ட் இல்லை. அதைக் கொண்டுபோய்ப் பதிந்தால்தான் கிராண்டில் பெயர் ஏறும். ஆணையைக் கண்ணாடிச் சட்டம் போட்டு அலமாரியில் வைத்துவிட்டு, பத்து வருடம் கழித்து விற்கப் போகும்போது கிராண்டில் இன்னும் செத்தவர் பெயர் இருப்பதைப் பார்க்கிறவர்கள் உண்டு. பதிவதற்கு முன் அந்த வருடத்துக் குவிட்ரெண்ட் (நில வரி) கட்டிய ரசீதைத் தயாராக வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். பதிந்த பிறகு ஒரு சாரியான் (நிலப் பதிவேட்டுத் தேடல்) எடுத்து, ஐந்து பெயரும் பின்னமும் சரியாக இருக்கிறதா என்று எழுத்தெழுத்தாகப் பார்க்கச் சொல்லுங்கள், முக்கியமாக ஐசி எண்களை.